முதலாளி மில்லுக்கு எப்போது போகிறார்?

போன வருஷம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் நாவல்களை ஒன்று விடாமல் படிப்பவர் அவர். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

"உங்க கடைசி நாவல் படிச்சேனுங்க. அந்த மில் முதலாளி நல்லா அமைஞ்சிருக்காரு. ஒரே ஒரு சந்தேகம் கேக்கலாமுங்களா?"

"கேளுங்களேன்."

"அவரு மில்லுக்கு எப்பங்க போறாரு?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் என் புத்தகத்தை எடுத்துப் புரட்டாமல் இருக்க முடியவில்லை. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். அதில் என் முதலாளி மகனோடு சண்டை போடுகிறார். தாழ்வாரத்தில் நின்று நிலாவைப் பார்க்கிறார். இறந்துபோன மனைவியை நினைத்துக் கண் கலங்குகிறார். "மில்லுக்குக் கிளம்பினார்" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறேன். நான்கு இடத்திலும் அத்துடன் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் மனிதர் களைத்துப்போய் வீட்டில் இருக்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "தொழிலில் பெரிய நெருக்கடி" என்று ஒரு வரி எழுதியவுடன் என் கடமை தீர்ந்துவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே இரண்டு பழைய ஆங்கிலப் புத்தகங்கள். இரண்டும் நெவில் ஷூட் எழுதியவை. ஒன்று, 1954-ல் வெளிவந்த சுயசரிதை, 'ஸ்லைட் ரூல்'. மற்றொன்று, 1951-ல் வந்த நாவல், 'ரவுண்ட் தி பெண்ட்'. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "இந்த ஆளு மில்லுக்குப் போறாரு."

ஷூட்டின் பெயர் எனக்குப் புதிதல்ல. 'எ டவுன் லைக் ஆலிஸ்', 'ஆன் தி பீச்' இரண்டையும் இளமையில் ரயிலில் படித்து, ரயிலோடு மறந்தவன் நான். 'நல்ல கதை சொல்லி, ஆனால் இலக்கியம் இல்லை' என்ற அபிப்பிராயத்தை யாரிடமிருந்தோ இரவல் வாங்கி வைத்திருந்தேன். இரவல் அபிப்பிராயத்தில் ஒரு சௌகரியம். அதைத் திருப்பிக் கொடுக்கும்படி யாரும் கேட்பதில்லை. இப்போது ஒருவர் கேட்டுவிட்டார்.

ஷூட்டின் முழுப் பெயர் நெவில் ஷூட் நார்வே. 1899-ல் லண்டனை அடுத்த ஈலிங்கில் பிறந்தவர். சிறு வயது முதல் திக்குவாய். ஆக்ஸ்ஃபர்டில் எஞ்ஜினீயரிங் படித்து மூன்றாம் வகுப்பில் தேறினார். பகலெல்லாம் ஆகாய விமானம் கட்டும் வேலை, இரவில் நாவல். நாவல் எழுதுகிறவன் என்று தெரிந்தால் தொழில் வட்டாரத்தில் தம்மை யாரும் நம்பமாட்டார்களோ என்று பயந்து, குடும்பப் பெயரை மறைத்துவிட்டு முதல் இரண்டு பெயர்களை மட்டும் புத்தகங்களில் போட்டுக்கொண்டார். நம்மில் எத்தனையோ பேர் ஆபீசில் மேலதிகாரிக்குத் தெரியாமல் கதை எழுதுகிறோம். ஆனால் காரணம் வேறு. நம்முடையது உத்தியோக பயம். அவருடையது தொழில்மீது இருந்த மரியாதை.

1931-ல் டில்ட்மன் என்ற விமான அமைப்பாளருடன் சேர்ந்து 'ஏர்ஸ்பீட்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார். ஆரம்பித்த இடம் யார்க் நகரில் சும்மா கிடந்த ஒரு பஸ் ஷெட். உலகமெங்கும் வியாபாரம் படுத்துக் கிடந்த வருஷம் அது. அந்த வருஷத்தில் போய், பணக்காரர்கள் பொழுதுபோக்குக்கு வாங்கும் ஒரு பண்டத்தைச் செய்யத் துணிந்தார்கள்! முதலில் கட்டியது எஞ்ஜினே இல்லாத கிளைடர். பிறகு, ஊர் ஊராய்ப் போய் ஜனங்களை ஆகாயத்தில் ஏற்றிக் காட்டிய சர் ஆலன் காபமுக்காக மூன்று எஞ்ஜின் வைத்த 'ஃபெர்ரி'. பிறகு 'கூரியர்'. பறக்கும்போது சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும் அமைப்போடு பிரிட்டனில் உற்பத்திக்கு வந்த முதல் விமானம் அதுதான். இந்தக் கதையைத்தான் 'ஸ்லைட் ரூல்' சொல்கிறது. பங்கு விற்கப் பணக்காரர் வீடு வீடாக ஏறி இறங்குவது, சம்பளம் போடப் பணம் இருக்குமா என்று வாரா வாரம் எண்ணுவது, வருஷக் கணக்கில் நஷ்டத்தை எழுதிக்கொண்டே அடுத்த விமானத்துக்குப் படம் போடுவது - இவை எல்லாம் அதில் இருக்கின்றன.

தம்மைப் பற்றி அவர் சொல்லிக்கொள்ளும் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. தொழில் நடத்துகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டாம்: ஆரம்பிக்கிறவர்கள், நடத்திச் செல்கிறவர்கள். தாம் முதல் ஜாதி. கம்பெனி காலூன்றிய பிறகு தம்மால் அதற்குப் பிரயோஜனம் இல்லை என்று ஒளிக்காமல் எழுதுகிறார். 1938-ல் அவர் விலக நேர்ந்தது. தாம் பெற்ற குழந்தையிடமிருந்து பிரித்து அனுப்பப்பட்டவர் அழுதிருக்கலாம், வைதிருக்கலாம். ஷூட் இரண்டும் செய்யவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு நிலாவைக் கொண்டுவந்திருப்பேன்.

அந்தச் சுயசரிதையில் உச்சம் என்று நான் கருதுவது கம்பெனிக் கதைக்கு முந்திய பகுதி. அதற்கும் 'ரவுண்ட் தி பெண்ட்' நாவலுக்கும் ஒரு ரகசியத் தொடர்பு இருக்கிறது என்பது என் கட்சி.

1924-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் இரண்டு பெரிய ஆகாயக் கப்பல்கள் கட்ட ஏற்பாடு செய்தது. ஆர்.101 என்பதை அரசாங்கத்தின் விமான இலாகாவே கட்டியது. ஆர்.100 என்பதை விக்கர்ஸைச் சேர்ந்த ஒரு தனியார் கம்பெனி கட்டியது. ஷூட் தனியார் கப்பலில் கணக்குப் போடுகிறவர்களுக்குத் தலைவர். மேலே இருந்தவர் பார்ன்ஸ் வாலிஸ். கப்பலின் எலும்புக்கூட்டில் ஒவ்வொரு குறுக்கு வளையத்துக்கும் எவ்வளவு பாரம் விழும் என்று கணக்கிட, இரண்டு பேர் இரண்டு மூன்று மாதம் உட்கார வேண்டும். கையில் ஸ்லைட் ரூல் ஒன்றுதான் துணை. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி ஓடும் அளவுகோல், அந்தக் காலத்து எஞ்ஜினீயரின் கணக்குக் கருவி. எந்தக் கம்பி இழுபடும், எந்தக் கம்பி தொய்யும் என்று முதலில் ஊகம் செய்துகொண்டு சமன்பாடுகளைப் போட வேண்டும். வாரக்கணக்கில் பாடுபட்ட பிறகு, தொய்ந்ததாக நினைத்த கம்பி தொய்யவில்லை என்று தெரியவரும். அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒரு நாள் எல்லா எண்களும் ஒன்றோடொன்று பொருந்தி, உண்மை எதிரே வந்து நிற்கும். அந்தக் கணத்தில் உண்டான திருப்தி ஏறக்குறைய ஒரு மத அனுபவம் என்கிறார் ஷூட்.

நண்பர் அனுப்பிய பிரதியில் அந்தப் பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல் அடையாளம் இருந்தது, எண்ணெய்க் கறுப்பில். எனக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல். ஆனாலும் அந்த அடையாளத்தைக் கண்டபோது இது வெறும் உபமானம் அல்ல என்று விளங்கியது. அந்த அனுபவம் தெரிந்த ஒருவர் பீளமேட்டில் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்.

1930 ஜூலை, ஆகஸ்டில் ஆர்.100 கானடாவுக்குப் போய்ச் சுகமாகத் திரும்பியது. ஷூட்டும் அதில் இருந்தார். அதே வருஷம் அக்டோபர் 5 விடியற்காலையில், இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட ஆர்.101, பிரான்ஸில் போவே நகருக்கு அருகே விழுந்து எரிந்தது. ஏறியிருந்த 54 பேரில் 48 பேர் மாண்டார்கள். விமான மந்திரி தாம்ஸன் பிரபுவும் அதில் ஒருவர். அதன் பிறகு, ஒரு குற்றமும் செய்யாத ஆர்.100-ஐயும் உடைத்துப் பழைய உலோகமாக விற்றுவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஷூட்டை அப்படியே நம்பக் கூடாது. அவர் சொல்லும்போது கதை மிகவும் ஒழுங்காக இருக்கிறது: தனியார் கட்டியது நல்ல கப்பல், சர்க்கார் கட்டியது கெட்ட கப்பல். அதிகாரிகளின் அவசரமும் அகம்பாவமும் அத்தனை உயிரைக் கொண்டுபோயின என்கிறார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் போட்டிக் கொட்டகையிலிருந்து பார்த்தவர்; அடுத்த கொட்டகைக்குள் இருந்தவரல்ல. அவருடைய வர்ணனை ஒரு கட்சிக்காரனின் வாக்குமூலம் என்று பின்னால் வந்த பலர் காட்டியிருக்கிறார்கள். அவர் புகழும் தனியார் கப்பலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அதே சர்க்கார் கஜானாவிலிருந்து, காண்ட்ராக்ட் மூலம். ஏர்ஸ்பீட் கம்பெனி தலை நிமிர்ந்ததும் விமானப் படைக்கு 'ஆக்ஸ்ஃபர்ட்' என்ற பயிற்சி விமானத்தைக் கட்டிக் கொடுக்கும் ஆர்டரினால்தான். முடிவில் எட்டாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். கம்பிகளின் தொய்வைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் உழைத்த மனிதர், தம் அரசியல் ஊகத்தில் எந்தக் கம்பி தொய்கிறது என்று ஒரு நாள்கூடச் சரிபார்க்கவில்லை.

இனி நாவலுக்கு வருகிறேன்.

1948 செப்டம்பரில் ஷூட், எழுதிச் சம்பாதித்த பணத்தில், 'ப்ராக்டர்' என்ற சிறிய சொந்த விமானத்தை எடுத்துக்கொண்டு, ஜேம்ஸ் ரிடெல் என்ற நண்பருடன் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து, மறு வருஷம் திரும்பினார். கீழ்த்திசை விமான நிலையங்கள் ஒவ்வொன்றிலும் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போன பிரயாணம். அதன் பலன்களில் ஒன்று 'ரவுண்ட் தி பெண்ட்'. அந்தத் தொடருக்கு ஆங்கிலப் பேச்சில் 'மூளை பிசகியவன்' என்று பொருள். தாம் எழுதியவற்றில் இதுவே சிறந்தது என்று அவர் எண்ணினாராம். நானும் அதையே சொல்வேன், சில சண்டைகளோடு.

கதையைச் சொல்கிறவன் டாம் கட்டர். சௌத்தாம்ப்டனில் ஏழை வீட்டில் பிறந்து, காபமின் பறக்கும் சர்க்கஸில் எடுபிடியாய்ச் சேர்ந்து தொழில் கற்றவன். யுத்தம் முடிந்ததும், மனைவியின் தற்கொலைக்குத் தான் காரணமாகிவிட்ட குற்ற உணர்வை மறைத்துக்கொண்டு, ஒரு பழைய 'ஃபாக்ஸ் மாத்' விமானத்தைப் பழுது பார்த்துத் தானே ஓட்டிக்கொண்டு பாரசீக வளைகுடாவில் பஹ்ரைனுக்குப் போய்ச் சேர்கிறான். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு ஆளும் சாமானும் ஏற்றிச் செல்லும் வாடகை வியாபாரம். ஒரு விமானம் இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது. ஒவ்வொரு விமானமும் எவ்வளவு பாரம் தூக்கும், எவ்வளவு தூரம் போகும், திரும்பி வரும்போது காலியாக வந்தால் என்ன நஷ்டம் - எல்லாம் வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. சலிப்பாக இருக்குமே என்பீர்கள். இல்லை. அடுத்த விமானத்தை வாங்கலாமா வேண்டாமா என்று டாம் யோசிக்கும் பக்கங்களில், ஒரு பெண்ணைக் கேட்கலாமா வேண்டாமா என்று தவிக்கும் காதலனுக்கு ஏற்படும் படபடப்பு இருக்கிறது.

உண்மையில் காதல் பகுதிதான் சலிப்பு. நடெஸ்னா என்ற பெண் வருகிறாள், நல்லவள், திறமைசாலி. ஆனால் எந்த விமானத்துக்கும் கொடுத்த கவனத்தில் கால் பங்கைக்கூட ஷூட் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அவள் அண்ணன் கோனி ஷாக்லின். கீழை நாட்டுத் தகப்பனுக்கும் ரஷ்யத் தாய்க்கும் பிறந்தவன். டாமின் சர்க்கஸ் காலத்து நண்பன். இப்போது டாமின் கம்பெனியில் விமானங்களைப் பழுது பார்க்கும் தலைமை எஞ்ஜினீயர். அவன் தன் ஆட்களுக்கு ஒன்று சொல்லிக் கொடுக்கிறான்: ஒரு திருகாணியைச் சரியாக முடுக்குவது ஆண்டவனுக்குச் செய்யும் வழிபாடு, அலட்சியமாக விடுவது பாவம். முஸ்லிம்களும் சீக்கியர்களும் பௌத்தர்களும் அவரவர் மதத்தை விடாமலே அவனைச் சுற்றிக் கூடுகிறார்கள். விமானக் கொட்டகையின் ஓரத்தில் தொழுகை நடக்கிறது. விமான நிலையங்கள் வழியாக அந்தச் செய்தி கீழ்த்திசை எங்கும் பரவுகிறது. தீராத நோயில் அவன் மடிகிறான். அவன் மனிதனா, அதற்கு மேலா என்ற கேள்வியோடு டாம் விடப்படுகிறான்.

கிழக்கத்திய ஞானத்தைக் கண்டு வெள்ளைக்காரர் மயங்கி எழுதியது என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பாதி வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். 'ஸ்லைட் ரூல்' படித்திராவிட்டால் கடைசி வரை அப்படியே நினைத்திருப்பேன். கோனியின் மதம் பாலித் தீவிலோ பர்மாவிலோ பொறுக்கியதல்ல. 1920-களில் யார்க்ஷயரில் ஒரு கொட்டகையில், எண்கள் பொருந்திவந்த அந்தக் கணத்தில் முளைத்தது. ஷூட் அதற்கு ஆசியாவில் ஓர் உடம்பு தேடிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

நமக்கு ஆயுதபூஜை இருக்கிறதே, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். நாம் அன்றைக்குக் கருவிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, அதற்கு ஓய்வு கொடுக்கிறோம். கோனி ஓய்வு கொடுப்பதில்லை. அவன் கேட்பது, மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் யாரும் பார்க்காத இடத்தில் அந்த ஆணி முடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை. மேலே தூவிய பூவுக்கும் உள்ளே போட்ட கிரீஸுக்கும் உள்ள வித்தியாசம் இது.

கதையை ஞானியின் வாயால் சொல்லாமல் முதலாளியின் வாயால் சொன்னது ஷூட் செய்த மிகப் பெரிய காரியம். டாம் பாதி நம்புகிறான். மீதிப் பாதி பெட்ரோல் கணக்கில் இருக்கிறது. அருகிலுள்ள ராஜ்யத்து வயோதிக ஷேக் ஒருவர் கோனியிடம் பக்தி கொண்டு வருகிறார். இஸ்லாம் வட்டியை விலக்குவதால், டாமுக்குப் பெரிய விமானம் வாங்க வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். பக்தி, கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம் ஏறுகிறது. டாமுக்கு இது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கடனை வாங்கிக்கொள்கிறான். அந்தக் கூச்சத்தை எழுதத் தெரிந்தவன் நாவலாசிரியன்தான்.

ஆனால் கூச்சம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்பது என் மனத்தாங்கல். டாம் விமானிகள் முதல் எல்லாரையும் ஆசியர்களாகவே வைத்துக்கொள்கிறான். வெள்ளையரைவிட அவர்களுக்குச் சம்பளம் குறைவு. அதனால் மற்றக் கம்பெனிகள் அவன் கட்டணத்தோடு போட்டி போட முடிவதில்லை. அவர்களை மரியாதையாக நடத்துகிறான் என்பதும் உண்மை. 1951-ல் ஓர் ஆங்கில நாவலில் அது சிறிய விஷயமல்ல. ஆனால், கடவுளுக்காக ஆணி முடுக்குகிறவன் கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்பதில்லையே! அந்தப் பக்தியின் லாபம் யாருக்குப் போகிறது? ஒரு தொழிலாளியாவது கொட்டகை ஓரத்தில் நின்று இதைக் கேட்டிருந்தால் நாவல் இன்னும் பெரியதாகியிருக்கும். ஷூட் முதலாளியாக இருந்தவர். அந்தக் கேள்வி அவர் காதில் விழவில்லை.

அவருடைய நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆகாயத்தைப் பற்றி எழுதியவர்களில் பிரெஞ்சுக்காரரான ஸாந்த்-எக்ஸுபெரி கவி. அவர் விமானத்தில் ஏறினால் நட்சத்திரங்கள் பேசும். ஷூட் ஏறினால் பெட்ரோல் மானியின் முள்தான் தெரியும். ஆனால் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது நம் வயிறு கலங்குகிறதே, அதுவும் ஒரு கலைதான். 1948-ல் எழுதிய 'நோ ஹைவே'யில் ஹனி என்ற அசட்டு விஞ்ஞானி, தாம் பிரயாணம் செய்யும் புது ரக விமானத்தின் வால் உலோகம் அதிர்ந்து அதிர்ந்து சோர்ந்து முறியப் போகிறது என்று நம்புகிறார். யாரும் கேட்கவில்லை. நடுவழியில் அது இறங்கி நிற்கும்போது, சக்கரத்தை மடக்கும் பிடியை இழுத்து அதைத் தரையோடு படுக்கவைத்துவிடுகிறார். அந்த நாவல் வந்து ஆறு வருஷம் கழித்து, 1954-ல் 'காமெட்' ஜெட் விமானங்கள் இரண்டு ஆகாயத்தில் சிதறின. உலோகச் சோர்வுதான் காரணம் என்று பிறகு கண்டார்கள். முறிந்த இடம் வால் அல்ல, பிரயாணிகள் இருக்கும் கூடு. இதைத் தீர்க்கதரிசனம் என்று சிலர் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. தொழில் தெரிந்தவனுக்குத் தொழிலின் பயமும் தெரிந்திருந்தது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு முதலாளி இருந்தார். 1929-ல் இந்தியாவில் விமானம் ஓட்ட முதல் லைசென்ஸ் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா, 1932 அக்டோபர் 15 அன்று 'பஸ் மாத்' விமானத்தில் தபால் மூட்டையைக் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். ஆமதாபாத்தில் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில், தகர டின்களில். பம்பாயிலிருந்து தபாலைச் சென்னைக்கு எடுத்து வந்தவர் நெவில் வின்ஸென்ட். அந்த மாட்டு வண்டியும் அந்த விமானமும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற பத்து நிமிஷத்தை எழுத ஒரு நாவலாசிரியன் வேண்டாமா? வண்டிக்காரன் என்ன நினைத்திருப்பான்? டின்னைத் தூக்கி ஊற்றியவன் யார்? 1953-ல் அந்த விமானக் கம்பெனியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது, ஷூட் போல ஒரு சுயசரிதையை அவர் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் முதலாளி பக்கம்தான் நமக்குக் கிடைத்திருக்கும். வண்டிக்காரனின் பக்கம் நம் பாக்கி.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற மாதம் பீளமேட்டுக்குப் போயிருந்தேன். பட்டறையில் இரண்டு லேத் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் இருபது வயசுப் பையன் ஒருவன், யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் ஒரு தண்டைக் கடைந்துகொண்டிருந்தான், நிறுத்தி அளந்தான், மறுபடி ஓட்டினான். நாவலைப் பற்றிய என் சண்டையை நண்பரிடம் சொல்லிவிட்டு, "அந்தத் தம்பி இதைப் படித்தால் என்ன சொல்வான்?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மிஷின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"கோனி சொல்றது சரிதான்னு சொல்லுவானுங்க. அப்புறம், டாம் எவ்வளவு சம்பளம் கொடுத்தாருன்னு கேப்பான்" என்றார். சிரித்தார், ஆனால் முழுக்கச் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் இங்கேயே நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். உள்ளே போகும்போது பழக்க தோஷத்தில் வாசலில் செருப்பைக் கழற்றப் போனேன்.

"செருப்பைக் கழட்டாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "கீழெல்லாம் இரும்புச் சுருள் கிடக்குது, காலைக் கிழிச்சுப்போடும்."